கோள்கள் சாய்ந்த வரலாறு

பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருக்கிறது என்று எமது பாடநூல்கள் கூறுகின்றன. அச்சாய்வினாலேயே பருவகாலங்கள் மாறுகின்றன என்பதையும் படம் வரைந்து அவை விளக்குகின்றன. மாணவர் இதனை மனனஞ்செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெறுகின்றனர். ஆனால், 'அஃது ஏன் சாய்ந்தது?' என்று வகுப்பிலே ஒருவர் எழுந்து கேட்டாற் பாடநூலில் விடையில்லை. 'இயற்கை அவ்வாறு அமைந்துள்ளது' என்று கூறி அடுத்த பாடத்துக்குச் செல்வதே பெருவழக்கு. இவ்விடை கேள்வியை அடக்குகிறதேயன்றித் தீர்க்கவில்லை. மனிதர் இக்கேள்வியை எப்பொழுது கேட்கத் தொடங்கினர், எவ்வாறு கேட்டனர், எங்கெங்கே தடுமாறினர் என்ற வரலாற்றினை நாம் ஆராய்வோமாயின், வானத்தைப் பற்றி மட்டுமன்றி மனித சிந்தனையைப் பற்றியும் சிலவற்றை அறிந்துகொள்ளலாம். தமிழைப் பாடமாகக் கற்ற நாம் வானியலிற் புகுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். விஞ்ஞானம் விஞ்ஞானிகளின் தனிச்சொத்தென்ற எண்ணம் எமக்கு இல்லை.

முதலிற் சாய்வு என்பது யாதென வரையறுத்துக்கொள்வோம். ஒரு கோள் சூரியனைச் சுற்றிச் செல்லும் பாதையை ஒரு மேசையின் மேற்பரப்பாகக் கற்பனை செய்வோம். அம்மேசைமீது நெட்டுக்குத்தாய் நின்று சுழலும் பம்பரத்தின் சாய்வு பூச்சியம். புதனின் நிலை ஏறக்குறைய இதுவே. வியாழன் 3 பாகை சாய்ந்துள்ளது. பூமி 23, செவ்வாய் 25, சனி 27, நெப்ரியூன் 28 பாகையளவிற் சாய்ந்துள்ளன. யுறேனசு 98 பாகை சாய்ந்து, பம்பரம்போலச் சுழலாமல் உருளும் பீப்பாயைப்போலப் படுத்தபடியே சுழல்கிறது. வெள்ளியோ 177 பாகை. அதாவது தலைகீழாகக் கவிழ்ந்து, மற்றையவற்றுக்கு எதிர்த்திசையிற் சுழல்கிறது. ஒரே சூரியனை, ஏறத்தாழ ஒரே தளத்தில், ஒரே திசையிற் சுற்றும் எட்டுக் கோள்களின் அச்சுகளில் இத்தனை வேறுபாடு ஏன்? பொதுவிதி ஒன்று மாத்திரம் தொழிற்பட்டிருப்பின் எல்லாம் ஒருபடித்தாய் இருந்திருக்கும். ஒவ்வொரு கோளுக்கும் தனித்தனியே ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு என்று கொண்டாலன்றி இவ்வேறுபாட்டினை விளக்க முடியாது. இந்த முடிவுக்கு வர மனிதருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்குமேற் பிடித்தது.

பூமி சாய்ந்த கதையொன்று எம்மவர்க்கும் உண்டு. சிவபெருமான் திருமணத்தைக் காண விண்ணவரும் முனிவரும் இமயத்திலே திரண்டனர். அவர்கள் பாரத்தால் வடபால் தாழ்ந்து தென்பால் உயர்ந்தது. அதனைச் சமன்செய்யக் குறுமுனியாகிய அகத்தியரைப் பொதியமலைக்கு இறைவன் அனுப்பினான். கந்தபுராணப் படிப்புக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தாருக்கு இது பழகிய கதை. தமிழ் மாணவர் அகத்தியரின் வருகைக்காகவே இதனை நினைவிற் கொள்வர். ஆயினும் பாரம் ஒருபுறம் குவிந்தால் நிலை சாயும் என்ற நடைமுறையறிவு இக்கதையில் இருப்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். மேலோர் அனைவரும் ஓரிடத்திற் கூடியதால் உலகு சரிந்ததென்பதும், அச்சரிவினை நேர்செய்யும் வேலை அங்கு கூடியிருந்தோருள் மிகக் குள்ளமான ஒருவருக்கே வந்து சேர்ந்ததென்பதும் வேறொரு சிந்தனைக்கு உரியன.

ஐரோப்பியரின் கதை இதனினும் கடுமையானது. ஆங்கிலப் புலவர் மில்ற்றன் 1667 இல் வெளியிட்ட சுவர்க்க நீக்கக் காவியத்திலே, ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட கனியை உண்ட பின்னரே வானதூதர் பூமியின் அச்சைத் தள்ளிச் சாய்த்ததாக ஒரு கருத்துக் கூறப்படுகிறது. தோமஸ் பேர்னற் என்ற மதகுரு 1681 இல் வெளியிட்ட நூலில், பிரளயத்துக்கு முன் பூமி நிமிர்ந்து நின்றது, அங்கு என்றும் வசந்தமே நிலவியது, மனிதரின் பாவத்தால் வந்த பிரளயத்திலே அது சரிந்தது என்று எழுதினார். வெயிலும் பனியும் பாவத்தின் தண்டனை என்றாயிற்று. இக்கதைகளுக்கெல்லாம் பொதுவான அடிப்படை ஒன்று: நிமிர்ந்து நிற்பதே முறை, சாய்வு முறைகேடு. அடுத்த நூற்றாண்டில் விஞ்ஞானம் இதே எண்ணத்தை வேறு உடையிற் கண்டு இடர்ப்பட்டதென்பதைப் பின்னர் காண்போம்.

கதை சொன்னோர் ஒருபுறம் இருக்க, அளந்தோரும் இருந்தனர். இதற்கு வேண்டிய கருவி நிலத்தில் நட்ட ஒரு கோல் மட்டுமே. உச்சிப்பொழுதில் அதன் நிழல் மிகக் குறுகும் நாளும் மிக நீளும் நாளும் அளக்கப்பட்டால், சூரியன் தெற்கும் வடக்கும் எவ்வளவு தூரம் பெயர்கிறது என்பது தெரியும். அதிற் பாதியே பூமியின் சாய்வு. (வெப்பவலயத்தவராகிய எமக்கு இதில் ஒரு தனி வாய்ப்புண்டு. யாழ்ப்பாணத்திலே சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் உச்சிப்பொழுதிற் கோலுக்கு நிழலே இராது. ஆவணியின் முற்பகுதியில் இன்னொருமுறை இவ்வாறு நிகழும். ஒரு தும்புத்தடியும் சோக்குக்கட்டியும் இருந்தால் எந்தப் பாடசாலை முற்றத்திலும் இதனைச் செய்துகாட்டலாம்.) கிரேக்கர் இவ்வாறே அளந்தனர். கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி 23 பாகை 51 கலை என்று பதிந்தார். பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலை. ஆரியபட்டர் முதலிய இந்திய வானியலார் 24 பாகை எனக் கொண்டனர்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சற்று நின்று கூறவேண்டும். இன்றைய தெஹ்ரானுக்கு அருகில் ரய் என்றொரு நகர் இருந்தது. அங்கே 994 இல் அல்-குஜந்தி என்னும் வானியலார், கோலின் நிழல் போதாதென்று கண்டு, ஏறத்தாழ 20 மீற்றர் ஆரையுள்ள வில்லொன்றினைக் கட்டடமாகவே எழுப்பினார். இருண்ட அக்கட்டடத்தின் கூரைத் துளையூடாக விழும் சூரிய ஒளிவட்டம், கீழே பாகைகளும் கலைகளும் பொறித்த வளைவின்மீது நகர்ந்தது. அவர் பெற்ற அளவு 23 பாகை 32 கலைக்குச் சற்று மேல். இந்தியர் 24 என்றனர். தொலமி அதனிற் குறைத்தார். தமக்கு இன்னும் குறைவாகக் கிடைத்தது. முன்னோர் பிழைவிட்டனர் என்று அவர் ஒதுக்கிவிடவில்லை; சாய்வே காலப்போக்கிற் குறைந்துவருகிறது என்ற முடிவுக்கு வந்தார். அவரை அறிந்திருந்த பேரறிஞர் அல்-பிரூனி இதனை ஏற்கவில்லை. கோடை அளவுக்கும் குளிர்கால அளவுக்கும் இடையிற் கட்டடத்தின் துளையிருந்த பகுதி ஒரு சாண் இறங்கிவிட்டதென்றும், வேறுபாடு அதனால் வந்ததென்றும் அவர் கூறினார். இன்றைய கணிப்புப்படி அக்காலச் சாய்வு 23 பாகை 34 கலை. ஆகவே கருவியைக் குறைகண்ட பிரூனி கூறியதிலும் உண்மையுண்டு. தொலமியின் அளவோ அவர் காலத்து உண்மைச் சாய்வைவிடப் பத்துக் கலை மிகையானது. பிழையான எண்களை ஒப்பிட்டுச் சரியான முடிவொன்றை அல்-குஜந்தி எட்டினார் என்பதே வியப்பு. சாய்வு நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 47 விகலை வீதம், அதாவது ஒரு கலைக்கும் குறைவாக, உண்மையிலேயே குறைந்துகொண்டிருக்கிறது. சமர்க்கந்தில் இதனினும் பெரிய வில்லினை அமைத்த உலூக் பெக் 23 பாகை 30 கலை 17 விகலை எனக் கண்டார். அவருடைய பிழை அரைக் கலையளவே. அரசனாயிருந்தும் 1449 இல் மகனுடைய சூழ்ச்சியால் அவர் கொல்லப்பட்டார். வானாய்வகம் பாழடைந்து மண்மூடிப்போயிற்று. அது கிடந்த இடமே 1908 இலேதான் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

இவர்கள் அளந்தது பூமியின் சாய்வையே என்று இவர்கள் கருதவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. பூமி அசையாது நிற்க, சூரியனின் பாதை சாய்ந்திருப்பதாகவே எண்ணினர். சாய்வு பூமியினுடையது என்று கூறத் துணிந்தவர் கொப்பேர்னிக்கஸ். ஆனால் 1543 இல் வெளிவந்த அவருடைய நூலிலே பூமிக்கு நாளாந்தச் சுழற்சி, ஆண்டுச் சுற்று என்ற இரண்டோடு மூன்றாவது அசைவொன்றும் வழங்கப்பட்டிருக்கக் காண்கிறோம். கோயிலை வலம்வருபவர் தம் வலத்தோளைக் கோயிற்பக்கமே வைத்துச் செல்வதுபோல, சூரியனை வலம்வரும் பூமியின் அச்சும் சூரியன்பக்கம் ஒரேவிதமாகவே சாய்ந்து செல்லவேண்டும் என்று அவர் எண்ணினார். அவ்வாறாயிற் பருவங்கள் மாறா. எனவே அச்சை ஒரே திசையில் நிறுத்திவைக்கத் தனியசைவு வேண்டுமெனக் கொண்டார். இது வேண்டாத சுமை என்று கலிலியோ 1632 இற் காட்டினார். நீர்நிறைந்த பாத்திரத்திற் பந்தொன்றை மிதக்கவிட்டு, அதனைக் கையிலேந்தியபடி ஒருவர் தம்மைத்தாமே சுற்றினால், பந்து எதிர்த்திசையிற் சுழல்வதுபோலத் தோன்றும். உண்மையில் அது தன்பாட்டில் நிற்கிறது. சுழலும் பொருளின் அச்சு அதனை அசைக்க வேறொன்று வராதவரை திசைமாறாது. ஆகவே விளக்கம் வேண்டுவது அச்சு நிலைத்திருப்பதற்கன்று, அது மாறுவதற்கே என்பது தெளிவாயிற்று. நியூற்றன் 1687 இல் இவ்வழியிலேயே மேற்சென்று, நடுவிற் பருத்த பூமியைச் சூரியனும் சந்திரனும் இழுப்பதால் அதன் அச்சு தளரும் பம்பரம்போலத் தலையாட்டுகிறது என விளக்கினார். அத்தலையாட்டம் ஒருமுறை நிறைவுற ஏறத்தாழ 26,000 ஆண்டு செல்லும். உத்தராயணத் தொடக்கமென்று நாம் தைப்பொங்கலைக் கொண்டாடும்பொழுது, சூரியன் உண்மையில் வடக்கு நோக்கித் திரும்பி மூன்று வாரங்களுக்கு மேலாகிவிடுகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன. இடைவெளிக்குக் காரணம் இத்தலையாட்டமே.

சாய்வு எவ்வாறு மாறுகிறது என்பது விளங்கிற்று. முதலில் எவ்வாறு வந்தது என்பது விளங்கவில்லை. நியூற்றனே சூரிய மண்டலத்தின் ஒழுங்கை இறைவனின் திட்டம் என்று கூறி அங்கு நிறுத்திக்கொண்டார். படைக்கப்பட்டு முடிந்த ஓர் ஒழுங்கிற்கு வரலாறு ஏது? அந்த மதிலை முதலிற் பிளந்தது கான்ற் என்ற இளைஞரின் நூல். 1755 இற் பெயரின்றி வெளிவந்த அந்நூல், சிதறிக்கிடந்த சடப்பொருளிலிருந்து ஈர்ப்பினாலும் இயக்கத்தினாலும் சூரியனும் கோள்களும் உருவாயின என்றது. பதிப்பாளர் வங்குரோத்தானதால் நூல் பலர் கையை எட்டவில்லை. இயற்கை மாறாதது என்ற இறுகிய நோக்கில் ஏற்பட்ட முதல் உடைப்பு இந்நூலே என்று 'இயற்கையின் இயக்கவியல்' என்ற நூலில் ஏங்கெல்ஸ் மதிப்பிட்டமை பொருத்தமானதே. நாற்பத்தோராண்டு கழித்து, 1796 இல், பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் இக்கருத்தைத் தனிப்பட எட்டி மேலும் வளர்த்தார். சுழலும் வெப்பவாயு முகில் குளிர்ந்து சுருங்க, அதன் விளிம்பிலிருந்து வளையங்கள் கழன்று கோள்களாயின என்றார். எல்லாம் ஒரே திசையிற் சுற்றுவதும் சுழல்வதும் அவருக்கு வலிய சான்றாயின.

ஆனால் அவருடைய முகிலிலிருந்து பிறக்கும் கோள்கள் நிமிர்ந்தே சுழலவேண்டும். 1659 இலேயே ஹைகன்ஸ் சனியின் வளையம் பாதைக்குச் சாய்ந்திருப்பதைக் காட்டியிருந்தார். செவ்வாயின் சாய்வு 28 பாகைக்குச் சற்று மேலென்று 1784 இல் ஹேர்ஷல் அளந்திருந்தார். இவற்றைச் சிறு குறைகளெனப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்று இதே ஹேர்ஷலின் தொலைக்காட்டியிலேயே காத்திருந்தது.

வில்லியம் ஹேர்ஷல் ஹனோவர் நகரத்துப் படைப்பிரிவு இசைக்காரர் ஒருவரின் மகன். தாமும் அப்பிரிவில் வாசித்தவர். 1757 இல் இங்கிலாந்துக்கு வந்து இசை கற்பித்துப் பிழைத்தார். பின்னர் பாத் நகரிலே தேவாலயமொன்றில் ஓர்கன் வாசித்தார். தொலைக்காட்டி வாங்கப் பணம் போதாமையால் உலோக ஆடிகளைத் தாமே வார்த்துத் தேய்க்கக் கற்றார். தேய்ப்பதை இடையில் நிறுத்தினால் ஆடி பழுதாகும். ஒருமுறை பதினாறு மணிநேரம் கையெடுக்காது தேய்த்த தமையனுக்குத் தாம் உணவை வாயில் ஊட்டியதாகத் தங்கை கரோலின் எழுதிவைத்திருக்கிறார். பாடகியாக வரவேண்டிய கரோலின் இரவிரவாகக் குறிப்பெழுதி, பகலிற் கணக்குச் செய்து, தாமும் வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்தவர். 1787 இல் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண் அரச வேதனம் வழங்கப்பட்டது, தமையனுக்கு 200. இவ்வரலாற்றை எழுதுவோர் பலர் அவரை உதவியாளர் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது முறையன்று.

1781 மார்ச் 13 ஆம் திகதி இரவு, வீட்டுத் தோட்டத்திலிருந்து வானை நோக்கிய ஹேர்ஷல், புள்ளியாயன்றி வட்டாய்த் தெரிந்த ஒன்றைக் கண்டு, வால்வெள்ளி என எண்ணினார். பிறர் அதன் பாதையைக் கணித்தபொழுது, சனிக்கும் அப்பால் 84 ஆண்டுக்கொருமுறை சூரியனைச் சுற்றும் புதிய கோள் அஃதெனத் தெரிந்தது. அதற்கு இங்கிலாந்து மன்னன் பெயரை இட அவர் விரும்பினார். ஏனைய நாட்டார் ஒப்பவில்லை. யுறேனசு என்ற பெயரே நிலைத்தது. கோளின் முகத்தில் அடையாளம் எதுவும் தெரியாததாற் சுழற்சியை அளக்க வழியிருக்கவில்லை. 1787 சனவரியில் அவர் அதன் துணைக்கோள்கள் இரண்டைக் கண்டார். துணைக்கோள்கள் கோளின் நடுக்கோட்டை ஒட்டியே சுற்றுதல் வழக்கமாகையால், அவற்றின் பாதை கோளின் சாய்வைக் காட்டிக்கொடுக்கும். அப்பாதையோ கோளின் பாதைக்கு ஏறக்குறையச் செங்குத்தாய் நின்றது. 1798 இல், லாப்லாசின் நூல் வெளிவந்து ஈராண்டில், அவை செல்லும் திசையும் பின்னோக்கியது என்று ஹேர்ஷல் அறிவித்தார்.

1802 இல் இவ்விருவரும் பாரிசுக்கு அருகில் நெப்போலியன் முன்னிலையிற் சந்தித்தனர். வானத்தைப் படைத்தவன் யாரென்று நெப்போலியன் வினவியதையும், இயற்கைக் காரணங்களின் தொடரே போதுமென்று லாப்லாஸ் வாதித்ததையும் ஹேர்ஷல் நாட்குறிப்பில் எழுதினார். அத்தொடரிற் பொருந்தாத கண்ணி அவரது குறிப்பேட்டிலேயே இருந்ததென்பதை நினைக்க எமக்குப் புன்னகை தோன்றுகிறது. பேர்னற்றுக்கு நிமிர்வு தெய்வீக ஒழுங்கு. லாப்லாசுக்கு அது கணித ஒழுங்கு. இருவரிடத்தும் சாய்வுக்கு இடமில்லை. ஆயினும் லாப்லாசின் பிழை பெறுமதிவாய்ந்த பிழை, சான்றுகொண்டு திருத்தக்கூடியது. 1846 இல் நெப்ரியூனும் அதன் பெரிய துணைக்கோளும் கண்டறியப்பட்டு, அத்துணைக்கோளும் பின்னோக்கிச் செல்வது தெரியவந்தபொழுது நெருக்கடி முற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இதற்கு ஒட்டுப்போட்டோரைப் பற்றி இங்கு விரிப்பது தேவையில்லை.

உடைப்பு மொஸ்கோவிலிருந்து வந்தது. ஒற்றோ ஷ்மித் என்பவர் கணிதர், கலைக்களஞ்சியப் பதிப்பாசிரியர். 1934 இல் வடகடற் பனியிற் சிக்கி மூழ்கிய செலியூஸ்கின் கப்பலின் பயணக்குழுவுக்குத் தலைமை தாங்கி, பனிப்பாறைமேல் மக்களைக் காத்துநின்றவர். 1944 இல் அவர், கோள்கள் வெப்பவாயுவிலிருந்தல்ல, குளிர்ந்த தூசியும் கல்லும் சேர்ந்து திரண்டமையால் உருவாயின என்று முன்வைத்தார். அத்தூசியைச் சூரியன் வெளியிலிருந்து பற்றிக்கொண்டதென்ற அவரது பகுதிக் கருத்து நிலைக்கவில்லை; திரட்சி என்ற கருத்து நிலைத்தது. அதே நாட்டிலே, 1936-37 இல், புல்கோவோ வானாய்வகத்து அறிஞர் பலர் பொய்க்குற்றஞ் சாட்டப்பட்டு மாண்டனர் என்பதையும், அதன் பணிப்பாளர் கெரசிமோவிச் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதையும் மறைத்து இவ்வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது. உலூக் பெக்கின் கொலைக்கு இரங்கும் நாம் இதற்கு வாய்மூடியிருக்க முடியாது.

ஷ்மித்தின் குழுவில் விக்ரர் சப்ரொனொவ் என்றொருவர் அமைதியாகக் கணக்குச் செய்துகொண்டிருந்தார். அவருடைய சிந்தனையின் சாரம் இது. ஒரு கோள் தூசியை மட்டும் உண்டு வளர்ந்ததென்று கொள்வோம். எண்ணற்ற துகள்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் விழும். ஒன்று அச்சை இப்பக்கம் திருப்பினால் மற்றொன்று அப்பக்கம் திருப்பும். ஈற்றில் எல்லாம் ஒன்றையொன்று ஈடுசெய்ய, அச்சு ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். சுழலும் குயவன் சக்கரத்தின்மேல் மணலைத் தூவினால் அது சாய்வதில்லை. ஆனால் ஒரு செங்கல்லை அதன் ஓரத்தில் எறிந்தால்? கோள் வளரும் இறுதிக்காலத்தில் அதன்மீது விழுவன தூசியல்ல, தாமும் வளர்ந்துவிட்ட சிறுகோள்களே. அவை எண்ணிற் சில. ஆகையால் ஒன்றன் தாக்கத்தை மற்றொன்று ஈடுசெய்யாது. ஓரமாய் விழும் ஒன்று கோளின் சுழற்சியையும் அதன் திசையையும் மாற்றிவிடும். எனவே, சாய்ந்திருக்கும் அச்சு அக்கோள்மீது எவ்வளவு பெரியது விழுந்தது என்பதற்கு எஞ்சியுள்ள சாட்சி. சாய்வை அவர் தீர்க்கவேண்டிய புதிராக மட்டும் கொள்ளாது, பண்டை நிகழ்வுகளை அளக்கும் கோலாகவும் கைக்கொண்டார். யுறேனசைப் புரட்ட ஏறத்தாழப் பூமியின் திணிவுள்ள ஒரு பொருள் மோதியிருக்கவேண்டும் என்ற கருத்து, 1960-களின் நடுப்பகுதியில் அவர் செய்த இக்கணிப்புகளிலிருந்து பிறந்தது. 1969 இல் அவருடைய நூல் சிறிய அளவில் வெளிவந்தது. 1972 இல் ஆங்கிலத்தில் வந்தபின் அமெரிக்க ஆய்வாளரும் அதனைத் தம் அடிப்படையாகக் கொண்டனர்.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. சந்திரனிலிருந்து 1969 முதல் 1972 வரை கொணரப்பட்ட கற்களை ஆராய்ந்தோர், செவ்வாயளவான பொருளொன்று இளம் பூமிமீது மோதியதால் எழுந்த சிதறலே திரண்டு சந்திரனாயிற்று என்ற கருதுகோளை 1975 இலும் 1976 இலும் முன்வைத்தனர். அது சரியாயின், எமது பருவகாலங்களின் ஆதிமூலத்தை அத்தகைய மோதல்களிலேயே தேடவேண்டும். 1993 இற் பிரெஞ்சு வானியலார் லஸ்கரும் தோழரும் வேறொன்றைக் காட்டினர். பூமியின் சாய்வு 41,000 ஆண்டுக்கொருமுறை 22 பாகைக்கும் 24½ பாகைக்கும் இடையில் மட்டும் ஊசலாடுவதற்குச் சந்திரனே காரணம். சந்திரனின் பிடி இன்றேல் அது பெருமளவில் அலைந்திருக்கும். பெருஞ் சந்திரன் இல்லாத செவ்வாயின் சாய்வு பூச்சியத்துக்கும் 60 பாகைக்கும் இடையே ஒழுங்கின்றித் திரியக்கூடியது. அல்-குஜந்தி கண்ட குறைவு இச்சிறு ஊசலாட்டத்தின் ஒரு துண்டே. அச்சிறு ஆட்டங்கூடப் பனியூழிகளின் வரவையும் போக்கையும் நெறிப்படுத்துவதைச் சேர்பியரான மிலான்கோவிச் கணித்துக்காட்டினார். 1914 இற் கைதாகிப் புடபெஸ்டில் தடுத்துவைக்கப்பட்ட காலத்தும் அவர் அக்கணிப்பை நிறுத்தவில்லை.

எல்லாச் சாய்வுக்கும் மோதலே காரணமென்று முடிவுகட்டுவதும் தவறு. வெள்ளியின் பின்சுழற்சி 1960-களின் தொடக்கத்தில் ரேடார் அலைகளால் அறியப்பட்டது. பூமியினதைப்போல் தொண்ணூறு மடங்கு அழுத்தமுள்ள அதன் வளிமண்டலத்தைச் சூரியன் சூடாக்குவதாலும் இழுப்பதாலும் எழும் அலைகளே கோடிக்கணக்கான ஆண்டுகளில் அதனை இந்நிலைக்குக் கொணர்ந்திருக்கலாம் என்பது இன்றைய கருத்து. சனியோ பூமியைப்போல் 95 மடங்கு திணிவுள்ளது; அதனை எந்தச் செங்கல் சாய்க்கும்? 2004 இல் வாட், ஹமில்ற்றன் என்போர், சனியின் தலையாட்ட வேகமும் நெப்ரியூனின் பாதை திரும்பும் வேகமும் ஒத்திருப்பதைச் சுட்டினர். ஊஞ்சலை அதன் தாளமறிந்து தள்ளினாற் சிறுபிள்ளையும் பெரியவரை உயர ஆட்டிவிடலாம். அவ்வாறே தொலைவிலுள்ள நெப்ரியூன் மெல்ல மெல்லச் சனியைச் சாய்த்திருக்கிறது. பின்னர் 2022 இல், அப்பிடியிலிருந்து சனி விடுபட்டது அதன் துணைக்கோள் ஒன்று அழிந்ததால் என்றும், அச்சிதைவே வளையமாயிற்று என்றும் வேறொரு குழு கருதியது. இது இன்னும் ஆராயப்படும் கருத்து.

மீண்டும் யுறேனசுக்கு வருவோம். 1986 சனவரி 24 இல் வொயேஜர்-2 கலம் அதனைக் கடந்தபொழுது அதன் ஒரு துருவம் சூரியனை நோக்கியிருந்தது. அக்கோளின் துருவங்களிற் பகலும் இரவும் நாற்பதாண்டுக்கு மேல் நீடிப்பவை. சுழற்சிக்காலம் 17 மணி 14 நிமிடம் என்பதும், காந்த அச்சு சுழற்சி அச்சிலிருந்து மேலும் 59 பாகை விலகியிருப்பதும் அன்றுதான் தெரியவந்தன. பெருமோதற் கருத்து வலுப்பெற்றதாகவே தோன்றிற்று. 2018 இற் கணினியில் நிகழ்த்திய சோதனைகள், பூமியைப்போல் இரு மடங்குக்குக் குறையாத பொருளொன்று இதனைச் செய்யக்கூடுமெனக் காட்டின. ஆனால் ஹேர்ஷலின் துணைக்கோள்கள் இங்கும் குறுக்கே வந்தன. நிமிர்ந்திருந்த கோள் ஒரே அடியிற் புரண்டிருப்பின், அவை கோளின் சுழற்சிக்கு எதிராகச் சுற்றுவனவாய் அமைந்திருக்கவேண்டும். அவையோ சுழற்சித் திசையிலேயே சுற்றுகின்றன. ஆகவே மோதல் ஒன்றல்ல, குறைந்தது இரண்டு என்று 2012 இல் மொர்பிடெல்லியும் தோழரும் வாதிட்டனர். 2022 இல் வேறொரு குழு மோதலையே வேண்டாமென்றது: முன்னொருகால் இருந்த பெரிய துணைக்கோளொன்று, கோளின் திணிவில் ஆயிரத்திலொரு பங்களவே உள்ளது, மெதுவாக வெளிநோக்கி விலகிச் சென்றவாறே ஊஞ்சலின் தாளத்தில் யுறேனசை இழுத்துச் சாய்த்து, இறுதியிற் கோளுக்குள்ளேயே விழுந்து மறைந்தது என்பது அவர்கள் கணிப்பு.

ஒரு நொடிப்பொழுதின் பேரடியா, கோடிக்கணக்கான ஆண்டுகளின் சிற்றிழுப்பா என்பது இன்னும் தீரவில்லை. துணைக்கோள்கள் இன்று எவ்வேகத்தில் விலகுகின்றன, கோளின் உள்ளே பாறையும் பனியும் எவ்வாறு கலந்துள்ளன என்ற இரண்டும் அளக்கப்பட்டால் வழக்கின் ஒருபக்கம் மெலியும். வொயேஜருக்குப் பின் எக்கலமும் அங்கு சென்றதில்லை. யுறேனசைச் சுற்றிவரும் கலமொன்றை அனுப்புதலே அடுத்த பெரும் பயணங்களில் முதலிடம் பெறவேண்டுமென்று அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழு 2022 இற் பரிந்துரைத்துள்ளது. கலம் புறப்பட்டாலும் அங்கு சென்றடையப் பன்னிரண்டு ஆண்டளவு வேண்டும். இன்று எமது வகுப்புகளில் அமர்ந்து 'ஏன் சாய்ந்தது?' என்று கேட்கும் பிள்ளைகள் அன்று தொழில் பார்க்கும் வயதினராயிருப்பர்.